என் சார்பில் ஒரு கையெழுத்து

அந்தத் தாளில் என் பெயர் இல்லை. 'மேற்படியாரின் மனைவி' என்றுதான் இருந்தது. மேற்படியாரின் மனைவி கவனக்குறைவாக வண்டி ஓட்டி வந்த காரணத்தால் விபத்து நேர்ந்தது என்றும், அதற்காக மேற்படியார் தன் மனைவியின் சார்பில் சபை முன்பு வருத்தம் தெரிவித்துக்கொண்டார் என்றும், இனி இது சம்பந்தமாக இரு தரப்புக்கும் எந்த மனத்தாங்கலும் இல்லை என்றும் நல்ல தமிழில் எழுதியிருந்தது. கீழே சங்கத்தின் வட்ட முத்திரை. மேற்படியார் என்பவர் என் கணவர். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது.

விபத்து என்று சொல்லவே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஒரு சனிக்கிழமை மதியம், மாட்டுங்காவில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போக வேண்டும். எங்கள் வீடு செம்பூரில். அவருடைய பிளாஸ்டிக் சாமான் கடை தாராவியில், தொண்ணூறடி ரோட்டில். கடைக்குப் போய் அவரை ஏற்றிக்கொண்டு போவதாகப் பேச்சு. கடைக்கு ஐம்பதடி முன்னால், தகரம் ஏற்றிய கைவண்டி ஒன்று குறுக்கே போனதால் நிறுத்தினேன். ஹேண்ட்பிரேக்கையும் இழுத்துவிட்டேன், ஏனென்றால் அந்தக் கைவண்டிக்காரருக்கு அவசரம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. அப்போது இடதுபக்கச் சந்திலிருந்து தண்ணீர் கேன் ஏற்றிய டெம்போ ஒன்று பின்பக்கமாகவே வெளியே வந்தது. ஹார்ன் அடித்தேன். மறுபடியும் அடித்தேன். அதன் பின்பக்கம் என் வண்டியின் முகத்தில் ஏறித்தான் நின்றது. பம்பர், ஒரு பக்க விளக்கு, ரேடியேட்டர் எல்லாம் உள்ளே போய்விட்டன. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த என் இடது மணிக்கட்டு திருகிக்கொண்டது. இரண்டு கேன்கள் ரோட்டில் விழுந்து உடைந்தன.

கடையிலிருந்து என் கணவர் ஓடிவந்தார். டெம்போ ஓட்டியவர் அவருடைய ஊர்க்காரர், முப்பது வயதிருக்கும். "ஏலே, ஒனக்கு ஒண்ணும் ஆகலல்லா?" என்று அவரிடம் கேட்டார். பிறகு என் ஜன்னல் பக்கம் குனிந்து, "கொஞ்சம் பாத்து வந்திருக்கணும்" என்றார்.

நான் வரவே இல்லை, நின்றுகொண்டிருந்தேன் என்று சொன்னேன். அவர் அதற்குள் உருண்டு போன கேன்களைப் பொறுக்கப் போய்விட்டார்.

இங்கே சங்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தாராவியில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஒவ்வொரு ஊர்க்காரருக்கும் ஒரு சங்கம் உண்டு. யாராவது செத்தால் உடலை ஊருக்கு அனுப்பி வைப்பார்கள். அண்ணன் தம்பி தகராறைத் தீர்த்து வைப்பார்கள். போலீஸ் சௌக்கிக்குப் போனால் வம்பு, அங்கே சொல்கிற லஃப்டா, பெரிதாகும் என்பது எல்லாருக்கும் தெரியும், அதனால் எதுவானாலும் முதலில் சங்கம். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. அவர்களால் எத்தனையோ குடும்பங்கள் கோர்ட்டு வாசலை மிதிக்காமல் தப்பித்திருக்கின்றன. ஆனால் அவர்களுக்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது. யார் செய்தது என்று தோண்டித் துருவ மாட்டார்கள். யாரால் தாங்க முடியும் என்று பார்ப்பார்கள். தாங்கக்கூடியவர் தலையில் தவறை எழுதி, கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தி, எல்லாருக்கும் டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கூட்டம். சங்க அறை எங்கள் கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது. பதினெட்டுப் படி. கணவர் மேலே போனதால் நான் கையில் கட்டோடு கடையில் உட்கார்ந்து வாளிக்கும் மக்குக்கும் விலை சொல்லிக்கொண்டிருந்தேன். பொங்கல் விழாவுக்குப் பெரிய பாத்திரங்களை எடுக்கப் போவதைத் தவிர பெண்கள் அந்தப் படியில் ஏறுவதில்லை. மேலே நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது, ஒருமுறை எல்லாரும் சிரிக்கும் சத்தம் கேட்டது. முக்கால் மணி நேரத்தில் இறங்கி வந்தார்.

"முடிஞ்சிட்டு" என்றார். "அவன் மொதலாளி ஒரு மாதிரி ஆளு. அவன் மேல தப்புன்னு வந்தா வண்டியவிட்டு எறக்கிருவான். ரெண்டு புள்ளைய இருக்கு. நமக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கே. தப்பு நம்ம மேலன்னு ஒத்துக்கிட்டேன். நமக்கு ஒண்ணும் கொறையாது."

நம்ம மேல என்றுதான் என்னிடம் சொன்னார். தாளில்தான் மனைவி.

அன்று நான் சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. கை வலித்தது, ரசத்துக்குப் புளி ஊறப் போடாமல் வந்திருந்தேன், முடிந்தது என்றால் முடிந்ததாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதற்குரிய தண்டனையைத்தான் அனுபவித்தேன் என்று பின்னால் பல முறை என்னை நானே திட்டிக்கொண்டேன்.

வண்டியைச் செம்பூரில் ஒரு கேரேஜில் கொண்டுபோய் விட்டோம். இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் வந்து படம் எடுத்தார். போனில் என்னிடம் விசாரித்தார், நின்ற வண்டி என்றேன், அடிபட்ட விதமும் அப்படித்தான் தெரிகிறது என்றார். நல்ல மனிதராகப் பேசினார். நான் ஐரோலியில் ஆபீஸில் இருந்த ஒரு நாள் அவர் மறுபடி கேரேஜுக்கு வந்திருக்கிறார். பேப்பரில் கையெழுத்து வேண்டும் என்று கேரேஜிலிருந்து என் கணவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இவர் சும்மா போகவில்லை. பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்த சங்கத் தாளின் நகலை எடுத்துக்கொண்டு போய் சர்வேயர் கையில் கொடுத்திருக்கிறார். எந்தத் தகராறும் மிச்சமில்லை, எல்லாம் சமாதானமாகிவிட்டது என்று தெரிந்தால் வேலை சீக்கிரம் நடக்கும் என்று அவர் நினைப்பு. அன்று ராத்திரி சாப்பிடும்போது பெருமையாகவே சொன்னார். "முத்திரையப் பாத்த ஒடனே அந்தாளு ஒண்ணும் பேசல, வாங்கி ஃபைல்ல வச்சுக்கிட்டான்."

வைத்துக்கொள்ளாமல் என்ன செய்வார்கள். யாரோ தமிழ் தெரிந்தவரைப் பிடித்து மொழிபெயர்த்தும் இருக்கிறார்கள். மூன்று வாரத்தில் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. விபத்து என் சொந்தக் கவனக்குறைவால் நேர்ந்தது என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. நான் சொன்ன விவரம் அதற்கு முரணாக இருக்கிறது. தவிர, வண்டிக்காரரோ அவர் சார்பில் வேறு யாருமோ கம்பெனியின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது பாலிசியின் நிபந்தனை, அது மீறப்பட்டிருக்கிறது. ஆகவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. படித்துவிட்டு பாலிசியை எடுத்துத் தேடினேன். அந்த நிபந்தனை இருக்கத்தான் இருந்தது, பொடி எழுத்தில், இரண்டாவதாகவே.

பணம் வராதது ஒரு பக்கம். நான் தவறு செய்தவள், அதோடு பொய்யும் சொன்னவள் என்று கம்பெனி லெட்டர்ஹெட்டில் எழுதி வந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. நாற்பத்தோரு வயதில் வண்டி கற்றுக்கொண்டவள் நான். பயிற்சிப் பள்ளியில் என் கூட இருந்தவர்கள் எல்லாரும் காலேஜ் பிள்ளைகள். பதினோரு வருடமாக முலுண்டு வழியாக ஐரோலிப் பாலத்தில் தினமும் போய் வந்திருக்கிறேன், ஒரு கீறல் கிடையாது. அந்தப் பதினோரு வருடத்தையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை டீ குடித்துக்கொண்டே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தவறு என்னுடையதல்ல என்று எங்காவது ஒரு தாளில் வர வேண்டும். எனக்கு வேண்டியதெல்லாம் அதுதான்.

கணவர் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "வண்டிய இருக்க கண்டிசன்ல வித்துருவோம். ரயில்ல போனா ஒடம்புக்கும் நல்லது" என்றார்.

உடம்புக்கு எப்படி நல்லது என்று எனக்குத் தெரியும். செம்பூரிலிருந்து வாஷி, அங்கே இறங்கி ஏறி இறங்கி வேறு பிளாட்பாரம், அங்கிருந்து ஐரோலி. திரும்பி வரும்போது நிற்க இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். வீட்டுக்கு வந்து குக்கரை ஏற்றிவிட்டு டைனிங் டேபிளில் பேப்பர்களைப் பரப்புவேன். கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு முதலில் எழுதினேன். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. பழைய கடிதத்தின் அதே வரிகள், தேதி மட்டும் வேறு. எதிர்த்த மருந்துக் கடையின் கேமராவில் பதிவாகியிருக்குமே என்று ஓடினேன். பதினைந்து நாளுக்கு மேல் தங்காது ஆண்ட்டி, அப்பவே வந்திருக்கலாமே என்றார் கடைக்காரர். அப்பவே எனக்கு எல்லாம் முடிந்துபோயிருந்தது என்று அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது.

சங்கச் செயலாளரிடம் போனேன். என் கணவரை அண்ணாச்சி என்றும் என்னை மைனி என்றும் கூப்பிடுகிற மரியாதையான மனிதர். நான் கூட்டத்தில் இல்லை, என்னை யாரும் விசாரிக்கவில்லை என்று ஒரு வரி எழுதித் தாருங்கள் என்றேன்.

"மினிட் புக்குல ஏத்தியாச்சு மைனி. ஏத்துனத மாத்துனா நாளைக்கி ஒவ்வொருத்தனும் வந்து நிப்பான்."

"மாத்த வேண்டாம். நான் அங்கன இல்லன்னு மட்டும் எழுதுங்க. அது உண்மைதான?"

"உண்மைதான் மைனி. ஆனா பொம்பளையாளுவள நாங்க கூப்பிடுத வழக்கம் இல்லல்லா. அத எழுத்துல குடுத்தா சங்கத்துக்கு அசிங்கமாப் போயிரும்."

அசிங்கம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

அந்த டெம்போக்காரர் ஒரு நாள் என்னைத் தேடிக் கடைக்கு வந்தார். அவர் அந்த முதலாளியிடமிருந்து தானாகவே விலகி, சீத்தா கேம்ப் பக்கம் வேறு யாருடைய வண்டியையோ ஓட்டுவதாகச் சொன்னார். ஆக, யாரைக் காப்பாற்றுவதற்காக நான் தவறு செய்தவள் ஆனேனோ அந்த ஆள் அந்த வேலையிலேயே இல்லை. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவர் உட்காரவில்லை.

"யக்கா, நீங்க நின்னுக்கிட்டுதான் இருந்தீய. எனக்குத் தெரியும். நாந்தான் கண்ணாடியப் பாக்காம எடுத்தேன்" என்றார். "அண்ணாச்சிகிட்ட நான் ஒண்ணும் கேக்கல யக்கா. அவியளே சொல்லிட்டாவ."

இதை எழுதித் தருவாயா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். சங்கத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு மாற்றி எழுதினால் ஊரில் அவர் அப்பாவால் தலைகாட்ட முடியாதாம். சரி போ என்று சொல்லிவிட்டேன். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. இத்தனை நாளில் என் முகத்தைப் பார்த்து அதைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான், அன்று ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன்.

பிறகு ஆம்பட்ஸ்மன் ஆபீஸுக்கு மனுப் போட்டேன். இன்சூரன்ஸ் கம்பெனிகள் மேல் உள்ள புகார்களைக் கேட்பதற்கென்றே இருக்கிற இடம் அது. அங்கே வக்கீல் வைக்கக் கூடாது, நாமேதான் பேச வேண்டும். என் மனுவில் பெரிய வாதம் ஒன்றும் இல்லை. பாலிசி என் பெயரில் இருக்கிறது. நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. என் சார்பில் ஒப்புக்கொள்ள நான் யாரையும் அனுப்பவில்லை. அவ்வளவுதான். ஆனால் இதைச் சொல்ல எனக்கு இருந்த ஒரே சாட்சி என் கணவர். மனைவியைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று அவர் சொன்னால் எனக்கு வழி உண்டு. கேட்டுத்தான் போட்டேன் என்று சொன்னாலோ, சும்மா இருந்தாலோ, நான் பொய் சொன்னவளாகவே நிற்க வேண்டியதுதான்.

எழுதித் தரமாட்டேன் என்றார். "அத எழுதிக் குடுத்தா சங்கத்துல எனக்கு மொகம் இல்லாமப் போயிரும்." ஒரு வாரம் நான் பேசவில்லை. கோபத்தில் இல்லை, பேசிப் பேசி அலுத்துப்போய்விட்டது. இருபத்தேழு வருடக் குடித்தனத்தில் அவர் கெட்டவர் என்று ஒரு நாள்கூட நான் சொன்னதில்லை. வீடு மாற்றியது, மகளை எந்தக் காலேஜில் சேர்ப்பது, என் நகையை எந்த லாக்கரில் வைப்பது, எல்லாம் நல்லபடியாகத்தான் செய்தார். செய்துவிட்டு வந்து சொல்வார். அதுவும் அக்கறைதான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

எட்டாவது நாள் அவராகவே, "வாரேன். வந்து ஒக்காருதேன். பேசச் சொல்லாத" என்றார்.

விசாரணை ஒரு நீளமான மேஜையில் நடந்தது. நடுவில் அதிகாரி, வயதானவர், மூக்கு நுனியில் கண்ணாடி. ஒரு பக்கம் நாங்கள். எதிர்ப்பக்கம் கம்பெனியின் பிரதிநிதி, என் மகள் வயதுப் பெண், நேர்த்தியாக ஃபைல் கட்டி வந்திருந்தாள். என் கணவர் கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, கையை முழங்காலில் வைத்துக்கொண்டு, பரீட்சைக்கு உட்கார்ந்தவர் மாதிரி இருந்தார். அதிகாரி சங்கத் தாளின் ஆங்கிலத்தைப் படித்தார். இந்தக் கையெழுத்து உங்களுடையதா என்று என்னிடம் கேட்டார். இல்லை என்றேன். அந்தப் பெண் எழுந்து, கணவன் மனைவி ஒரே வீட்டில் இருப்பவர்கள், கணவர் போய்ப் பேசினால் மனைவிக்குத் தெரிந்து, மனைவியின் சம்மதத்தோடுதான் பேசியிருப்பார், எந்தக் குடும்பத்திலும் அதுதானே இயல்பு என்றாள். அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. எந்தக் குடும்பத்திலும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

அதிகாரி என் கணவர் பக்கம் திரும்பி இந்தியில் கேட்டார். அந்தக் கூட்டம் நடந்தபோது உங்கள் மனைவி எங்கே இருந்தார்?

"கீழே கடையில், சாப்."

எவ்வளவு தூரம்?

"பதினெட்டுப் படி."

இதில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவரைக் கேட்டீர்களா?

அவர் முழங்காலில் இருந்த கையை எடுத்து மேஜை மேல் வைத்தார். கம்பெனிப் பெண் பேனாவை மூடித் திறந்து மூடினாள். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மா இருக்கப் போகிறார், எல்லாம் இத்தோடு போயிற்று என்று நினைத்தேன். போனால் போகட்டும், நாளையிலிருந்தாவது இந்தப் பேப்பர்களைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம் என்றும் நினைத்தேன்.

"பூச்சா நஹீ, சாப்" என்றார். கேட்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, யாரும் கேட்காமலே, இன்னொன்றும் சொன்னார். "பூச்னா சாஹியே, ஐஸா கயால் ஹீ நஹீ ஆயா." கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அதிகாரி அதை எழுதிக்கொண்டார். நான் ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. எனக்குப் பிடிக்காத எதையும் இந்த மனிதர் வேண்டுமென்று செய்ததில்லை என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிவந்தேன். அது சரிதான். தோன்றவே இல்லை என்பது அதைவிட மோசமாக இருந்தது.

தீர்ப்பு ஒரு மாதம் கழித்து ரிஜிஸ்டர் தபாலில் வந்தது. இரண்டரைப் பக்கம். பாலிசிதாரர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை, அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை. சர்வேயரின் படங்களும் நின்றுகொண்டிருந்த வண்டி என்பதற்கே பொருந்துகின்றன. தவறு பாலிசிதாரருடையது என்ற கம்பெனியின் முடிவு ரத்து செய்யப்படுகிறது. அந்த வரியைக் குனிந்து இரண்டு தடவை படித்தேன். பிறகு துணி காயப்போடப் போனேன்.

சாயங்காலம் அவர் வந்ததும் படித்து, தமிழில் சொன்னேன். அவருக்கு நிஜமாகவே சந்தோஷம். ஊரில் இருக்கும் தம்பிக்கு உடனே போன் போட்டார். "ஆமாலே, ஜெயிச்சாச்சு. நாந்தான் போயிப் பேசுனேன்" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் போய்ப் பேசியதும் உண்மைதான்.

சாப்பிட உட்கார்ந்தோம். அவருக்குச் சோறு வைத்துவிட்டு, பல மாதமாக மனதில் கிடந்ததைச் சொன்னேன்.

"அன்னிக்கி நீங்க அந்தப் படிய எறங்கி வந்து, இப்படி இப்படின்னு எங்கிட்டக் கேட்டிருந்தீங்கன்னா, நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருப்பேன். அவனுக்கு ரெண்டு புள்ளைய இருக்கு. எனக்கும் தெரியும்."

அவர் பிசைந்த கையை அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

"அப்பம் எதுக்குட்டி இத்தன மாசம் இப்படி அலைஞ்ச?"

அந்தச் சனிக்கிழமையிலிருந்து இதைப் பற்றி அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. மோரை எடுத்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.